வண்டிச் சாவி யார் கையில்?



இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது அண்மைக் காலமாக நம் செவியில் அடிக்கடி விழும் முறையீடு ஒன்று உண்டு. "சாமி, அப்பா எழுபது வயதைக் கடந்துவிட்டார். இன்னமும் காரைத் தாமே ஓட்டுகிறார். நாங்கள் சொன்னால் கேட்பதில்லை; நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்கின்றனர் பிள்ளைகள். அப்பாவோ நம்மைத் தனியே அழைத்து, "நாற்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன் சாமி. இதுவரை ஒருவர் மீதும் இடித்ததில்லை. சாவியை வாங்கிக்கொண்டால் நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதானே?" என்கிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இம்மாதம் இதைக் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

முதியவர் என்பதாலேயே ஒருவர் மோசமான ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை. இளைஞர்களின் வேகவெறி அவரிடம் இல்லை, பொறுமை உண்டு, பழக்கம் உண்டு. ஆனால் உடல் நம்மிடம் சொல்லாமலே மாறிக்கொண்டு வருகிறது. இருபது வயதில் கண்ணின் உட்திரையை எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் எட்டுகிறது என்பர் கண் மருத்துவ நூலோர். கண்புரையும் சேர்ந்துகொண்டால், எதிரே வரும் வண்டியின் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். அவ்வேளையில் சாலையைக் கடப்பவர் புலப்படார். கழுத்து எளிதில் திரும்பாததால் பின்னும் பக்கத்திலும் வருபவை கண்ணிற் படுவதில்லை. நெடுநாள் நீரிழிவுள்ளோருக்குப் பாதம் மரத்துவிடுவதுண்டு. தம் கால் பிரேக்கின் மீதிருக்கிறதா, ஆக்ஸிலேட்டரின் மீதிருக்கிறதா என்பதே அவர்களுக்குத் தெரியாமற் போகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. காலை ஒரு நொடி தாமதித்து அழுத்தினால், ஒரு பேருந்தின் நீளத்திற்கும் மேற்பட்ட தொலைவு கைநழுவிப் போயிற்று என்று பொருள்.

இவை வெறும் அச்சமூட்டும் பேச்சு அல்ல. 2019 ஜனவரியில் இங்கிலாந்து அரசியாரின் கணவர் இளவரசர் பிலிப், தமது 97ஆம் வயதில், சாண்ட்ரிங்காம் அருகே தாமே வண்டியோட்டிச் சென்று பெருஞ்சாலையில் திரும்பியபோது எதிரே வந்த காருடன் மோதினார். அவரது வண்டி கவிழ்ந்தது. மற்ற வண்டியிலிருந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிந்தது. அதே வண்டியிலிருந்த ஒன்பது மாதக் குழந்தை காயமின்றித் தப்பியது. தாழ்ந்திருந்த கதிரவனின் ஒளி கண்ணைக் கூசியதாகப் பின்னர் அவர் தெரிவித்தார். மறுமாதமே தமது ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ நகரின் இக்கெபுக்குரோ பகுதியில் 87 வயது முதியவர் ஓட்டிய கார், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் இளந்தாயையும் அவருடைய மூன்று வயது மகளையும் பலிகொண்டது. பிரேக் என்றெண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்ததே காரணம் என்று நீதிமன்றம் கண்டது. வண்டியில்தான் கோளாறு என்று இறுதிவரை வாதிட்ட அவருக்கு 2021இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்விபத்து ஜப்பானியரின் உள்ளத்தை உலுக்கியது. அவ்வாண்டில் மட்டும் அந்நாட்டில் சுமார் 6 இலட்சம் பேர் தாமாகவே தங்கள் உரிமத்தைத் திருப்பித் தந்தனர்.

இவ்விருவரும் தீயவர் அல்லர். நீண்ட அனுபவம் உடையவர்கள். அந்த ஒரு நொடிக்கு முன்வரை, "என்னால் முடியும்" என்றே அவர்களும் எண்ணியிருப்பர். முடிவெடுக்க வேண்டிய வேளை விபத்துக்குப் பின்பு அல்ல, முன்பு என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 55 வயதைக் கடந்தோருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுகளுக்கே புதுப்பித்துத் தரப்படுகிறது. நாற்பதைத் தாண்டியவர் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும். விண்ணப்பிப்பவரே தம் உடல்நிலையைக் குறித்துக் கையொப்பமிட்டுத் தரும் படிவத்தில் சில வினாக்கள் உள்ளன. திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க இயலுமா? மாலைக்கண் நோய் உண்டா? இவ்வினாக்களுக்கு எத்தனை பேர் படித்துப் பார்த்து விடை எழுதுகிறோம்? பிறர் நிரப்பிய தாளில் கண்ணை மூடிக் கையொப்பமிடுவோமானால், நாம் ஏமாற்றுவது அலுவலகத்தை அன்று. சாலையில் நடந்து செல்லும் ஓர் ஏழைக் குழந்தையை. ஐந்தாம் கட்டளை இங்கும் நம்மைத் தொடுகிறது.

அப்படியானால் இன்றே சாவியைத் தந்துவிட வேண்டுமா? அவ்வாறு நாம் கூறவில்லை. படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்த பின்னும், மழையிலும், பள்ளி விடும் நெரிசலிலும் வண்டியை எடுக்காதீர்கள். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். தூக்க மாத்திரையோ, சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளோ உட்கொண்டிருந்தால் மருத்துவரைக் கேளாமல் ஓட்ட வேண்டாம். சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றோடு புறப்படலாகாது. ஸ்கூட்டரில் செல்வோர் தெருமுனைக் கடைக்குப் போவதாயினும் தலைக்கவசம் அணிய வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பேரப்பிள்ளைகள் முன்னிலையில் தந்தையைக் கடிந்து பேசிச் சாவியைப் பிடுங்காதீர்கள். ஒரு நாள் அவர் அருகில் அமர்ந்து சென்று பாருங்கள். வண்டியில் புதிய கீறல்கள் தோன்றுகின்றனவா? பழகிய தெருவிலேயே வழி தடுமாறுகிறாரா? சிவப்பு விளக்கைக் காணத் தவறுகிறாரா? அப்படியானால் தனிமையில், பணிவோடு பேசுங்கள். குடும்ப மருத்துவரையும் பேசச் சொல்லுங்கள். நினைவுத் தடுமாற்றம் தோன்றிவிட்டதாயின் அப்போது நீங்கள் தயங்கலாகாது. ஆயினும் சாவியைக் கேட்குமுன், "ஞாயிறு பூசைக்கு யார் அழைத்துச் செல்வது? வங்கிக்கு? மருத்துவமனைக்கு?" என்ற கேள்விகளுக்கு விடையோடு செல்லுங்கள். விடையின்றிச் சாவியைப் பறிப்பது முதியவரைச் சிறையிலிடுவதற்கு ஒப்பாகும்.

நாம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது எழுபத்தாறாம் பிறந்தநாளில் காரை விற்றுவிட்டார். யாரும் சொல்லவில்லை. இரண்டு முறை இரவில் சைக்கிள்காரரை மிக அருகில் வந்தபின்பே கண்டதாகவும், மூன்றாம் முறைக்குக் காத்திருக்க விருப்பமில்லை என்றும் சொன்னார். காப்பீடு, பெட்ரோல், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அத்தொகையில் தெருமுனை ஆட்டோக்காரரோடு மாதக் கணக்குப் பேசிக்கொண்டார். இப்போது முன்னைவிட அதிகமாக வெளியே போய் வருகிறார். வழியெல்லாம் பேச்சுத்துணையும் கிடைத்திருக்கிறது என்கிறார்.

அன்பர்களே, குடும்பத்தை நாற்பதாண்டுகள் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர்கள் நீங்கள். அந்தச் சாவியை எப்போது, யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே. அதைப் பிறர் உங்களிடமிருந்து வாங்கும் நிலை வருமுன், தெளிந்த அறிவோடு நீங்களே எடுத்துக் கொடுங்கள். பெயரறியாத எவரோ ஒருவருடைய பிள்ளை அன்று மாலை பத்திரமாக வீடு திரும்பும்.