குப்புறப் படுக்கவைத்த வாக்கியம்

இலக்கியம் பேசும் இடத்தில் குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நல்ல உரைநடையை நாம் ஓயாமல் கொண்டாடி வருகிறோம். தெளிவும் பரிவும் தன்னம்பிக்கையும் கூடிய உரைநடை ஒன்று ஆயிரக்கணக்கான தொட்டில்களில் என்ன செய்தது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சூப்பான் அதன் பின்னால் வரும்.

பெஞ்சமின் ஸ்போக் என்ற அமெரிக்க மருத்துவரின் குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வெளிவந்தது. பல மொழிகளில் ஐந்து கோடிப் பிரதிகள் விற்ற நூல் அது. அதற்கு முந்தைய நூல்கள் தாய்மார்களை அதட்டின: மணி பார்த்துப் பால் கொடு, அழுதால் உடனே தூக்காதே. ஸ்போக் அதட்டவில்லை. தாயின் உள்ளுணர்வை நம்பச் சொல்லித்தான் நூலையே தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற நடை. நம்மில் பலர் இன்றும் பொறாமைப்படக்கூடிய நடை.

அந்த நடையில்தான், 1958ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு யோசனை இடம்பெற்றது. மல்லாந்து உறங்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், ஆகவே தொடக்கத்திலிருந்தே குப்புறப் படுக்கப் பழக்குவது மேல் என்பது அதன் சாரம். கேட்டால் யாருக்கும் சரியென்றே படும். உண்மை நேர்மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்த பால் கீழே உள்ள வழியில்தான் இறங்கும். குப்புறக் கிடத்தினால் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. ஸ்போக் மட்டும் இதைச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகள் சில குப்புறக் கிடக்கையில் நன்றாக மூச்சுவிடுவதை மருத்துவமனைகளில் பார்த்தவர்கள், அதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கினார்கள். ஆனால் மருத்துவமனைக்கு வெளியே அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததில் புத்தகத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, நோய்க்குறி ஏதுமின்றி, உறக்கத்திலேயே இறந்துபோவதைத் தொட்டில் மரணம் என்கிறார்கள். குப்புறப் படுக்கவைக்கும் வழக்கம் பரவிய நாடுகளில் இம்மரணங்கள் பெருகின. 1985இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு மருத்துவர், அங்கே தொட்டில் மரணம் அரிதாக இருப்பதையும், அங்குள்ள குழந்தைகள் வழக்கமாக மல்லாந்தே உறங்குவதையும் சேர்த்து எழுதினார். நெதர்லாந்தில் 1987இலேயே குப்புறக் கிடத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை எழுந்தது. 1990இல் வெளியான இங்கிலாந்தின் ஏவன் பகுதி ஆய்வு, குப்புற உறங்கும் குழந்தைக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. 1991இல் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தன் ஆண்குழந்தையை இப்படி இழந்தார். அவர் நியூசிலாந்து சென்று விசாரித்து வந்து குரல் கொடுக்க, அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டனில் மல்லாத்திக் கிடத்துங்கள் என்ற இயக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் 1994இல். இரு நாடுகளிலும் சில ஆண்டுகளில் இம்மரணங்கள் ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இதிலும் கசப்பானது 2005இல் வந்தது. ரூத் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். குப்புறக் கிடத்துவதன் ஆபத்து 1970ஆம் ஆண்டு வாக்கிலேயே தெரிந்திருக்கக்கூடியது. முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. சான்று ஒருபக்கம் தூசி படிந்து கிடக்க, அழகான வாக்கியம் மறுபக்கம் மறுபதிப்புகள் கண்டுகொண்டிருந்திருக்கிறது.

சூப்பானுக்கு வருவோம். கடையில் நிப்பிள் என்று கேட்டு வாங்குகிறோமே, பாலில்லாத அந்த ரப்பர் காம்பு. நம் வீடுகளில் அதற்கு மரியாதை கிடையாது. சோம்பேறித் தாயின் தந்திரம், குழந்தையை ஏமாற்றும் பொருள் என்ற முகச்சுளிப்பு நம் எழுத்தாளர் நண்பர்களிடமும் உண்டு. 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உறங்கவைக்கும்போது சூப்பான் கொடுத்துப் பார்க்கலாம் என்றது; தொட்டில் மரண அபாயம் அதனால் குறைவதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருந்தன. ஏன் குறைகிறது என்பது உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. தாய்ப்பால் ஆதரவாளர்கள் இதை விரும்பவில்லை. அவர்கள் பக்கமும் நியாயமுண்டு: பால்குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வகுத்த பத்துப் படிகளில் ஒன்று. 2018இல் அந்தப் படியே, அதன் ஆபத்துகளைத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற அளவுக்குத் தளர்ந்தது. தாய்ப்பாலும் தொட்டில் மரணத்தைக் குறைப்பதே என்பதால், பால்குடி நன்றாக நிலைபெற்ற பிறகே சூப்பான் என்று அமெரிக்கக் கழகமும் சொல்கிறது.

'கொடுத்துப் பார்க்கலாம்', 'நிலைபெற்ற பிறகு', 'மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்': இவை நல்ல உரைநடை அல்ல. எந்த வாசகரும் அடிக்கோடிடமாட்டார். நாம் இந்தத் தயங்கும் வாக்கியங்களின் பக்கமே நிற்க விரும்புகிறோம். ஸ்போக்கின் வாக்கியத்தில் இல்லாதது இந்தத் தயக்கம்தான்.

பிள்ளைப்பேற்றுக்கு உதவ அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் நம் பாட்டிமார்கள் இந்த வழக்கின் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து ஆசையாகத் தைத்துக் கொண்டுபோன சின்னத் தலையணை, பக்கவாட்டு அணைகள், பழம்புடவைப் போர்வை எல்லாவற்றையும் தொட்டிலிலிருந்து வெளியே எடுக்கச் சொல்கிறாள் மகள். சமதளமான, அழுத்தமான மெத்தை, அதன்மேல் இறுக்கிய விரிப்பு, வேறெதுவும் கூடாது. பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். பாட்டிக்கு இது அவமானமாகப் படுகிறது. "ஒன்னை வளத்தவ நான்தானேடி" என்கிறாள். புத்தகங்களை நம்பி மேற்கு தடுமாறிய கதையை அறிந்தபின் அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை. அந்தக் குழந்தையையும் அவள் மல்லாத்தித்தானே கிடத்தியிருப்பாள்! ஆனாலும் தலையணை விஷயத்தில் மகள் சொல்வதே சரி. உடல் வளைந்து மோவாய் நெஞ்சில் படிந்துவிடக்கூடிய தூளியைப் பற்றியும் அதே கவலை நமக்குண்டு; தாலாட்டின் மீதுள்ள பற்றால் அதை விழுங்கிவிட முடியாது.

குழந்தை தானே குப்புற விழுந்தால் பலகாரம் செய்து கொண்டாடும் வீடுகள் நம்முடையவை. கொண்டாடலாம். விழித்திருக்கையில், பார்வையில் வைத்துக்கொண்டு குப்புறப் போடுவது கழுத்துக்கும் தோளுக்கும் நல்லதே. இருபுறமும் தானாகப் புரளத் தெரிந்தபின், உறக்கத்தில் புரண்டால் எழுப்பித் திருப்ப வேண்டியதுமில்லை. சூப்பானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டக்கூடாது, தேனிலும் சர்க்கரையிலும் தோய்க்கக்கூடாது. தரையில் விழுந்ததை முந்தானையில் துடைத்து வாயில் வைக்கும் நம் பழக்கமும் போகவேண்டும். உறங்கியபின் அது வாயிலிருந்து நழுவினால் நழுவட்டும்; திரும்பச் செருக வேண்டாம், எடுத்துக் கழுவி வைத்தால் போதும்.