முதியோர் சேமிப்பிலா அரசின் கடன் தீர்ப்பது?

உழைப்பவர் இளைப்பாறும் காலத்துக்கென 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தோற்றுவித்தது. ஊழியர் பங்கு நூற்றுக்கு 8. முதலாளி பங்கு 12. இது அரசின் கொடையன்று, உழைப்பின் ஊதியமே.

2022இல் அரசு கடனிறுக்க வலுவிழந்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பில் பணவீக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 70ஐ எட்டியது. வங்கியிற் பணமிட்ட கமக்காரரும், நிதியை நம்பிய எழுதுவினைஞரும் ஒருங்கே வறியராயினர்.

அதுவும் போதாதென்று, 2023 யூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குப் பாராளுமன்றம் இணங்கியது. வங்கிகளின் திறைசேரி முறிகள் தப்பின. சேமலாப நிதிக்கோ 2038 வரை நீளும் புதிய முறிகள். 2025இன் பின் 9 சதவீதமே வட்டி. மறுத்தால் 14 சதவீத வரி 30 ஆகுமென்ற அச்சுறுத்தல் வேறு!

வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி இறுக்கின்றன என்றனர். இலாபத்துக்கு வரி விதிப்பதும் முதுமைக்கான சேமிப்பை அரிப்பதும் ஒன்றாகுமா?

அன்று நிதியின் காவலனும் அரசின் கடன் முகவனும் மத்திய வங்கியே. இரு கட்சிக்கும் ஒரே சட்டத்தரணி எனில் நீதி எங்ஙனம் பிறக்கும்? ஊழியர் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் நிதியின் ஆளுகையில் அமர்தல் வேண்டும். பணத்துக்குரியவர் வாயிலில் நிற்க, பிறர் உள்ளிருந்து பங்கிடுவதை நாம் இனியும் பொறோம்.