பீட்ஸாவில் அசல் எது, நகல் எது?



இத்தாலிக்குப் போய் வருகிற நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், "அங்கே பீட்ஸா சரியில்லை. இறைச்சி இல்லை, சீஸ் கொஞ்சம், நடுவில் ஈரம், ஓரமெல்லாம் கருகல்" என்பார்கள். மற்றச் சாரார், "நாம் இங்கே சாப்பிடுவது பீட்ஸாவே இல்லை" என்று கையை விரிப்பார்கள். நேப்பிள்ஸிலும் நியூயோர்க்கிலும் சாப்பிட்டுப் பார்த்த எங்களுக்கு இரண்டுமே அவசரப் பேச்சாகத்தான் படுகிறது.

நேப்பிள்ஸ் பீட்ஸாவின் மாவில் கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கும்தான். எண்ணெயும் இல்லை, சீனியும் இல்லை. விறகுப் போறணையில் ஏறத்தாழ 485 பாகை செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 செக்கனுக்குள் வெந்துவிடும். அந்தச் சூட்டில்தான் ஓரம் பொங்கிக் கரும்புள்ளி விழுகிறது. தக்காளியின் நீர் வற்ற நேரமில்லாததால் நடுப்பகுதி ஈரமாக இருக்கிறது. நம்மவர் குறையாகச் சொன்ன இரண்டும் அந்த முறையின் அடையாளங்கள். மேலே நிறையப் போட்டால் அந்த நேரத்துக்குள் மா வேகாது. அதனால்தான் குறைவாகப் போடுகிறார்கள். இந்த முறையைக் காப்பதற்கென்றே 1984இல் நேப்பிள்ஸில் ஒரு சங்கம் அமைத்து விதிகள் எழுதினார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மனித குலத்தின் மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்கப் பீட்ஸாவும் இத்தாலியர் கையால் பிறந்ததுதான். பிழைப்புத் தேடிப் போன தென் இத்தாலியர் 1905ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் கடை போட்டார்கள். அங்கே கிடைத்தது நிலக்கரிப் போறணை. பிறகு காஸ் போறணை வந்தது. சூடு குறைவு, நேரம் கூட. அதற்கேற்ப மாவில் எண்ணெயும் சீனியும் சேர்ந்தன. நீர் குறைந்த சீஸ் வந்தது. இறைச்சியும் சீஸும் தாராளமாகக் கிடைத்த நாடு, அள்ளிப் போட்டார்கள். வேலைக்கு ஓடுகிறவன் ஒரு துண்டை வாங்கி மடித்து, நடந்துகொண்டே சாப்பிட்டான். சிக்காகோவில் 1943இல் ஆழமான தட்டில் சுட்டார்கள். பீட்ஸா ஹட் 1958இலும் டொமினோஸ் 1960இலும் தொடங்கின. நமக்குப் பழக்கமானது இந்தக் குடும்பத்துப் பீட்ஸாதான்.

"அசல்" என்று அடம்பிடிப்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். இத்தாலியின் தக்காளியே 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. இன்று மிலானில் பீட்ஸா சுடுகிறவர்களில் எகிப்திய சகோதரர்கள் கணிசமானோர். மலாய் மக்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் வட்டிலப்பத்தை யாராவது "நகல்" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? பெருநாள் அன்று அது இல்லாத வீடு நம்மூரில் உண்டா? உணவு ஊர் மாறும்போது அந்த ஊரின் அடுப்புக்கும் சந்தைக்கும் ஏற்ப மாறும். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கள் வாய்க்குப் பிடித்தது நேப்பிள்ஸ்தான். மாவின் ருசி தெரிகிறது, வயிறும் கனக்கவில்லை. அதற்காக அமெரிக்கத் துண்டை மட்டம் தட்ட எங்களுக்கு மனமில்லை.

பயணம் போகிறவர்கள் ருசியைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பெயர்களை. அமெரிக்காவில் "பெப்பரோனி" என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்த சலாமி. ஹலால் கடைகளில் மாட்டிறைச்சியில் செய்வார்கள். இத்தாலியில் "பெப்பரோனி" என்றால் குடைமிளகாய்! அங்கே "சலாமே", "புரோஷூட்டோ", "சல்சிச்சா" என்று வருவதெல்லாம் வழமையாகப் பன்றிதான். "மரினாரா" என்ற பெயரைக் கேட்டு மீன் என்று நினைக்க வேண்டாம். தக்காளி, உள்ளி, ஒரிகானோ, ஒலிவ் எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட இல்லை. "மார்கரீட்டா"வில் இறைச்சி இல்லை, ஆனால் சீஸை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்வதுண்டு. அதுபற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போங்கள். எல்லாப் பீட்ஸாவும் ஒரே போறணைத் தரையில்தான் வேகும் என்பதையும் மனதில் வையுங்கள். பேணுதலானவர்கள் ஹலால் கடையைத் தேடுவது நல்லது.

இன்னுமொன்று. நேப்பிள்ஸில் ஆளுக்கொரு முழுப் பீட்ஸா வரும். பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் பாதியை மிச்சம் வைத்து, "எங்கள் ஊர்தான் நல்லது" என்று எழும்பி வருவது வீண்விரயம். சுட்டவனுக்கும் மரியாதை இல்லை. முதலில் ஒன்றை வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பிடித்தால் அடுத்ததைச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் பேசாமல் இருக்கலாம்.

இத்தாலியில் இருக்கும் நம் சொந்தங்கள், ஹலாலாகக் கிடைக்கும் இடங்களைக் கீழே எழுதுங்கள். போகிறவர்களுக்கு உதவும்.