தேயிலைச் சோதனை துறைமுகத்தோடு நிற்கலாமா?

நம் நாட்டுத் தேயிலையை உலகமே பருகுவது நமக்குப் பெருமையே. கப்பலேறுமுன் அதைக் கொதிநீரில் ஆறு நிமிடம் ஊறவைத்துச் சுவைத்துப் பார்க்கிறார்கள். சாம்பல் 4 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, நீரில் கரையும் சாரம் 32 விழுக்காட்டுக்குக் குறையவில்லையா, பூச்சிமருந்தின் எச்சம் உண்டா என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். தேறாத சரக்கு மறுக்கப்படுகிறது. இத்தனை கண்டிப்பும் தேவைதான்.

ஆனால் சாம்பலுக்கும் சாரத்துக்கும் உள்நாட்டுச் சட்டமும் இதே அளவுகளைத்தானே விதித்திருக்கிறது? நீலகிரியில் கொழுந்து பறிக்கும் என் தாய் பெட்டிக்கடையில் வாங்கும் தூளை அளந்து பார்ப்பவர் யார்? ஈர வடிதாளில் தூவினால், கலந்த சாயம் கறையாய்க் காட்டிக்கொடுத்துவிடும். வேதியியல் பயிலும் நாம் இதை ஊர்தோறும் செய்து காட்டலாமே! அயல்நாட்டார் நாவுக்குத் தரும் மதிப்பைப் பறித்தவர் நாவுக்கும் தருவோம்.