கனமான கேக் கெட்டுப்போன கேக்கா?



தீபாவளிப் பலகார வேலை தொடங்கும் நேரத்தில் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சென்ற தீபாவளியன்று விருந்தினர் முன்னிலையில், "அத்தை செய்த பட்டர் கேக் கல்லு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம். இந்த ஆண்டு மாமியார் கேக் பக்கமே வரமாட்டேன் என்கிறாராம். "என்ன செய்யட்டும், அக்கா?" என்று கேட்கிறார்.

விளையாட்டு வினையாகிவிட்டது. சகோதரி, நீங்கள் சொன்னது சரிதானா என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் மாமியார் செய்வது சம எடைக் கேக். வெண்ணெய், சீனி, மாவு, முட்டை எல்லாம் ஒரே எடை. வெண்ணெய் 250 கிராம் என்றால் முட்டை ஐந்து. ஆங்கிலேயரின் 'பவுண்டு கேக்' கணக்கு இதுதான். முட்டையை முழுதாக, ஒவ்வொன்றாக ஊற்றி அடிப்பார்கள். கேக் கனமாகத்தான் இருக்கும். ஆனால் துண்டு போட்டால் உதிராது, சில நாள் வைத்தாலும் காயாது. தட்டில் வைத்து லயம் முழுதும் கொடுத்தனுப்ப இதைவிட வேறென்ன வேண்டும்?

நீங்கள் செய்வது வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெல்லக் கலக்கும் முறை. நுரையிலுள்ள காற்று கேக்கைத் தூக்குகிறது. அதனால்தான் பஞ்சு போல வருகிறது.

மலாக்கா யுரேசியர் வீட்டுச் 'சுஜி' கேக்கைப் பாருங்கள். சுஜி என்பது நம் ரவைதான்! ரவையை வெண்ணெயில் பல மணி நேரம் ஊற வைத்து, பாதாம் பொடியும் மஞ்சள் கருவும் நிறையச் சேர்ப்பார்கள். வாயில் சற்று நறநறக்கும். அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. சரவாக்கின் அடுக்குக் கேக்கோ, ஒவ்வோர் அடுக்காக ஊற்றி, மேல் நெருப்பில் வேக வைப்பது. அதில் பஞ்சுத்தன்மையைத் தேடலாமா?

ஆக, கனம் குற்றமல்ல. அடியில் ஈரமாகக் களி போல ஒரு பட்டை படிந்தால்தான் குற்றம். பெரும்பாலும் நம் ஊர் வெப்பமே காரணம். வெண்ணெய் உருகிவிட்டால், எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். எண்ணெய் மினுமினுப்பு தெரியக் கூடாது. அந்தப் பதத்தில் அடியுங்கள். முட்டை குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக் கூடாது. கலவை திரிந்தால் ஒரு கரண்டி மாவு தூவுங்கள், சேர்ந்துவிடும்.

சகோதரி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாமியாரிடம் போங்கள். "அத்தை, உங்கள் கேக்கை எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மன்னிப்பு என்ற சொல்லே தேவைப்படாது.

என் தாயார் மாவை ஒரு பழைய பால் டின்னால் அளப்பார். அந்த டின்னில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இன்று என்னிடம் நிறுவைத் தராசு இருக்கிறது, மின்னடுப்பு இருக்கிறது. அம்மாவின் கேக் மட்டும் வரவில்லை.

நீங்கள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீபாவளித் தட்டில் இரண்டு கேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.