வாகைப் போட்டிக்குத் திடல் தெரிவோர் கவனத்திற்கு

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்னும் சிற்றூரின் மணற்பாங்கான கடலோரத் திடலில், 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் எட்டுப் பேர் கூடி ஒரே நாளில் ஆடி முடித்த ஆட்டத்திலிருந்துதான், 'ஓப்பன்' என்று இன்று உலகமெங்கும் பிரசித்தி பெற்று விளங்கும் கோல்ப் வாகைப் போட்டி பிறந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவரேனும் பிரபு வம்சத்தவர் அல்லர். புல்தரையைப் பராமரித்தும், பந்து செய்தும், கனவான்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்தும் ஜீவனம் நடத்திய உழைப்பாளிகளுள் தலைசிறந்த ஆட்டக்காரர் எவர் என்று அறியும்பொருட்டே அப்போட்டி ஏற்பட்டது. ஒரு மகத்தான போட்டியை எந்தத் திடலுக்கு அளிப்பது என்ற விவாதம் எழும்போதெல்லாம், திடலின் நீளம், விடுதிகளின் எண்ணிக்கை, ஆதரவு நல்கும் கம்பெனிகளின் தாராளம் ஆகியவை விஸ்தாரமாகப் பேசப்படுகின்றன; இந்த ஆரம்பம் மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. புல் வெட்டுவோரையும் பை சுமப்போரையும் அவர்தம் மக்களையும் ஆட்டக்காரர்களாக உள்ளே அனுமதிக்கும் திடலுக்கே வாகைப் போட்டியை நடத்தும் கௌரவம் உரியது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஹல்துமுல்லையில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை நாம் பிரஸ்தாபிப்பதற்குப் போதிய காரணம் உண்டு. 1890இல் கிளாஸ்கோ நகரத்து வர்த்தகரான தோமஸ் லிப்டன் நமக்கு அயலான அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை விலைக்கு வாங்கிய அந்தக் காலத்தில், தேயிலையோடு கூடவே ஸ்கொத்லாந்துத் துரைமாரின் விளையாட்டுகளும் இம்மலைகளில் ஏறின. நுவரெலியாவில் கோல்ப் கிளப் தோன்றியதும் அவ்வாண்டுகளை ஒட்டித்தான். ஆடியவர்கள் துரைமார், காட்டை வெட்டியதும், மண்ணைச் சமப்படுத்தியதும், தொலைந்த பந்தைப் புதரில் தேடிக் கொடுத்ததும் இந்நாட்டு உழைப்பாளிகள். சொத்துரிமை கைமாறி, துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகியும், இந்த வேலைப் பிரிவினை மட்டும் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஓப்பன் போட்டியின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். முதற் பன்னிரண்டு போட்டிகளும் பிரெஸ்ட்விக்கிலேயே நடைபெற்றன. மொத்தம் 24 முறை அதனை நடத்திய பெருமை அத்திடலுக்கு உண்டு. ஆயினும் 1925இல் திரண்ட ஜனக்கூட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாது போனதால், அவ்வாண்டோடு அந்தப் பெருமை முடிவுற்றது. வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் திடலோ, 1951இல் ஒருமுறை போட்டியை நடத்தியபின் 68 ஆண்டுகள் காத்திருந்து, பழைய குழிகள் இரண்டைத் துறந்து புதியன இரண்டை அமைத்து, 2019இல் மீண்டும் அதனைப் பெற்றது. இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து கண்டனர். 2025இல் மறுபடியும் அங்கேயே போட்டி நடந்தது. ஆகவே போட்டித் திடல்களின் பட்டியல் வேதவாக்கன்று. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். அவசியம் நேர்ந்தபோது மாற்றியும் இருக்கிறார்கள்.

இவ்வகையில் நமக்கு மிகச் சிறந்த முன்னுதாரணம் ஸ்கொத்லாந்தின் மியூர்பீல்ட். 1892 முதல் ஓப்பனை நடத்திவந்த அத்திடல், உலகிலேயே தொன்மையான கோல்ப் சங்கங்களுள் ஒன்றின் சொத்து. பெண்களை அங்கத்தினராகச் சேர்ப்பதா என்று 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சங்கம் வாக்கெடுத்தபோது, பெரும்பான்மையோர் இணங்கியும், விதிகள் கோரிய மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை. அன்றைய தினமே, போட்டியை நடத்தும் 'ஆர் அண்ட் ஏ' ஸ்தாபனம், இந்நிலை நீடிக்கும்வரை மியூர்பீல்டுக்கு ஓப்பன் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. விளைவு யாது? பத்து மாதத்துக்குள் மறு வாக்கெடுப்பு நிகழ்ந்து, ஐந்தில் நான்கு பங்கினர் பெண்களை வரவேற்றனர். 2022இல் பெண்களுக்கான ஓப்பன் போட்டியே அத்திடலில் அரங்கேறியது. பல தலைமுறைகளாக நல்லுபதேசங்களுக்குச் செவிசாய்க்காத ஒரு கதவு, போட்டி கைநழுவிப் போகும் என்றறிந்த மாத்திரத்தில் திறந்துகொண்டது. இத்தகைய சக்தி திடலைத் தெரிவோர் கையில் இருக்கும்போது, அதனைப் பிரயோகியாது வாளாவிருப்பது கடமையில் தவறுவதாகும்.

செயின்ட் அண்ட்ரூஸ் திடலையும் இங்கே குறிப்பிட வேண்டும். உலகின் மிகக் கீர்த்தி வாய்ந்த அந்த நிலம் எந்தக் கிளப்பின் உடைமையும் அன்று. அது ஊர்ப் பொதுச்சொத்து. உரிய கட்டணம் செலுத்தி, சீட்டுக் குலுக்கலில் பெயர் வரப்பெற்ற எவரும் அங்கே ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திவைத்து, ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவும்படி திடலைத் திறந்துவிடுகிறார்கள். பொதுஜனங்களின் காலடி பட்டதால் அதன் மகிமை அணுவளவும் குன்றவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு கோல்ப் கிளப் 1879இல் ஸ்தாபிக்கப்பட்டு, காலிமுகத்திடலின் கடற்காற்றில் ஆடத் தொடங்கி, 1896இல் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. களனிவெளி ரயில்பாதை இன்றும் அத்திடலை ஊடறுத்துச் செல்கிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிய திகனைத் திடலும், அம்பாந்தோட்டைக் கடலோரத் திடலும் அண்மைக் காலத்தவை. இவற்றோடு நுவரெலியாவையும் வைத்து எண்ணினால், தேசிய வாகைப் போட்டிகளை நடத்தத் தகுதி வாய்ந்த திடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவே. இவற்றுள் எதற்கும் நிரந்தர உரிமை கூடாது, எதனையும் நிரந்தரமாக ஒதுக்கவும் கூடாது என்று வற்புறுத்தும் நாம், சுற்று முறையில் நுவரெலியாவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறோம்.

நுவரெலியாத் திடல் நீளம் குறைந்தது, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து வழக்கத்தினும் தூரம் பறந்துவிடும், ஆகவே நவீன ஆட்டக்காரருக்கு அது தக்க சோதனையாகாது என்பது எதிர்த்தரப்பினர் வாதம். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் 2013இல் அமெரிக்க ஓப்பன் போட்டியை நடத்திய மெரியன் திடலும் நீளக் குறைவென்று முன்கூட்டியே ஏளனம் செய்யப்பட்டதுதான். ஏழாயிரம் யார் தூரத்தையும் எட்டாத அத்திடலில் நான்கு நாள் ஆடி வாகை சூடிய ஜஸ்டின் ரோஸுக்கு, திடலுக்குரிய நியம அடிகளைவிட ஓரடி கூடுதலாகவே எடுக்க நேர்ந்தது. நுவரெலியாவின் குறுகிய பாதையும், இருமருங்கும் நெருங்கிய மரங்களும், குறுக்கிடும் ஓடைகளும், கணத்தில் இறங்கும் மூடுபனியும் வலிமையைவிட நிதானத்தையே பரீட்சிக்கின்றன. வாகைக்குரியவனிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய குணமும் அதுவே. கொழும்பில் விடுதிகள் அதிகம், விமான நிலையம் அண்மையில் உள்ளது என்னும் வாதமோ ஆட்டத்தைச் சேர்ந்ததன்று, பயண வசதியைச் சேர்ந்தது.

ஆனால் நுவரெலியாவுக்கும் போட்டியை நிபந்தனையின்றி அளிக்கும்படி நாம் கோரவில்லை. இந்நாட்டின் முன்னணி ஆட்டக்காரரில் பலர் பை சுமந்து பழகிய பின்னரே மட்டையைக் கையில் எடுத்தவர்கள். இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் நடராஜா தங்கராஜா, மிதுன் பெரேரா, அனுர ரோகண ஆகியோர் ஈட்டிய வெற்றிகள், வாய்ப்புக் கிட்டினால் இம்மண்ணின் மைந்தர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதற்குச் சாட்சி. அப்படியிருந்தும் தோட்ட லயத்தில் பிறந்த ஒரு சிறுமி, பாடசாலை விட்டதும் இரவல் மட்டையொன்றைப் பெற்று ஒரு மணி நேரம் பயில்வதற்கு முறையான வழி எங்கே இருக்கிறது? போட்டியை ஏற்க விரும்பும் ஒவ்வொரு கிளப்பும், வாரத்தில் ஒரு நாளேனும் தன் பயிற்சித் தரையைச் சுற்றுவட்டாரப் பாடசாலைகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றித் திறக்க வேண்டும். பை சுமப்போருக்குப் பயிலும் நேரம் ஒதுக்க வேண்டும். போட்டி வருமானத்தில் ஒரு பங்கை அவர்கள் ஓய்வுகாலச் சகாய நிதிக்குச் செலுத்த வேண்டும்.

நாடறிந்த பெருந்திடல்களில் ஒன்றேனும் நமது ஊவா மாகாணத்தில் இல்லை. ஒன்று வேண்டுமென்று நாம் கேட்கவும் இல்லை. பதினெட்டுக் குழித் திடலொன்று நூறு ஏக்கர் அளவு நிலத்தை விழுங்கவல்லது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலையில் நமது பிரதேசத்தைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை உயிர்களோடு மூடிய துயரத்தை மறவாத ஜனங்கள் நாம். ஏழு பேர்ச் காணியில் ஒரு வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் விண்ணப்பத்தோடு அலையும் குடும்பங்கள் வாழும் இம்மலைச் சரிவில், போட்டியை வரவழைக்கும் ஆசையால் புதிய திடல் வெட்ட எவரேனும் முனைந்தால், அதனை முதலில் எதிர்ப்பதும் நாமாகவே இருப்போம். இருக்கும் திடல்களின் வாயிலைத் திறந்தாலே போதும். வெலிமடை வழியாகப் பேருந்தேறி நுவரெலியாவுக்குச் சென்று பயில நம் பிள்ளைகளால் முடியும்.

நாட்டின் கோல்ப் நிர்வாகிகள் இனிவரும் போட்டிகளுக்குத் திடல்களை நிச்சயிக்குமுன், மேற்சொன்ன நிபந்தனைகளை எழுத்தில் வகுத்து எல்லாக் கிளப்புகளுக்கும் அனுப்பி, அவற்றின் பதில்களைப் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். உடன்படாத கிளப் எத்துணைப் பழம்பெருமை உடையதாயினும், தன் முறையை இழக்கட்டும்; போட்டி அடுத்த திடலுக்குச் செல்லட்டும். இந்த விதியிலிருந்து கொழும்புக்கும் விலக்கு வேண்டாம். நாம் பரிந்து பேசும் நுவரெலியாவுக்கும் வேண்டாம்.