மருமகள் மட்டும் வந்தால் போதுமா?

“கேரளாவுல பொண்ணு எடுத்திருக்காங்களாமா!” கொங்கு நாட்டுக் கல்யாண மண்டபங்களில் இந்தப் பேச்சு இப்போது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. அவிநாசி, சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறி ஓட்டுகிறவர்களும் நாலு ஏக்கர் தோட்டத்தை நம்பி இருக்கிறவர்களும் பாலக்காட்டுப் பக்கம் பெண் தேடிப் போவது பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. நகை, மண்டபச் செலவு எல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. புரோக்கர் கமிஷன் தனி. சாதி கரைகிறது என்று சிலர் மகிழ்கிறார்கள். குலம் கெடுகிறது என்று சிலர் புலம்புகிறார்கள். இரு தரப்பும் அவசரப்படுகின்றன.

உள்ளூரில் பெண்ணுக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது? ஆண் வாரிசு ஒன்று போதும் என்று குடும்பத்தைச் சுருக்கிக்கொண்ட பகுதி இது. மேற்கு மாவட்டங்களில் பெண் சிசுக்கொலை பேசுபொருளானதால்தான் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. ஸ்கேன் பார்த்துக் கருவைக் கலைப்பதைத் தடுக்க 1994-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. தப்பிப் பிறந்து படித்த பெண்களோ தோட்டத்துக்கும் தறிக்கும் வாழ்க்கைப்பட விரும்புவதில்லை. கோவையிலோ பெங்களூருவிலோ சம்பளம் வாங்கும் மாப்பிள்ளையைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இப்படி வந்த நெருக்கடிதான் மொழி எல்லையைத் தாண்ட வைத்தது. சாதி அப்படியே இருக்கிறது. மாற்றுச் சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் 2015-ல் கடத்திக் கொல்லப்பட்டார். அவிநாசி இருக்கும் திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில் மாற்றுச் சாதிப் பெண்ணை மணந்த சங்கர் 2016 மார்ச்சில் நடுவீதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த இரு தலித் இளைஞர்களும் தமிழ்தான் பேசினார்கள். பாலக்காட்டுப் பெண் எந்தச் சாதி என்று பங்காளிகள் நோண்டுவதில்லை. நோண்டினாலும் அந்த ஊர்ச் சாதி அடுக்கு இங்கே யாருக்கும் பிடிபடாது. தெரியாத சாதியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. தெரிந்த சாதி என்றால் அரிவாள் வருகிறது.

வந்த பெண்ணிடம் கேட்கப்படுவது என்ன? ஆறே மாதத்தில் தமிழ் பேச வேண்டும். அரிசியும் பருப்பும் சாதம் கொங்குப் பக்குவத்தில் வர வேண்டும். கணவனின் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். அவளும் செய்கிறாள். மாமியாரும் “அம்மிணி” என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார். ஆனால் போனில் அவள் அம்மாவிடம் மலையாளத்தில் பேசும்போது, “நம்மளப் பத்தி என்ன சொல்றாளோ” என்று வீடே காதைத் தீட்டிக்கொள்கிறது. பேரன் அம்மாவிடம் இரண்டு வார்த்தை மலையாளம் பேசிவிட்டால், குழந்தைக்குப் பேச்சுக் குழம்பிவிடும் என்று பாட்டி பதறுகிறார். அதே பேரனை யூ.கே.ஜி.யிலேயே ஆங்கிலத்தில் பேச வைக்க அந்த வீடு கடன் வாங்கிப் பணம் கட்டுகிறது.

இத்தனைக்கும் இரு பக்கமும் அந்நியமானவை அல்ல. சித்திரை முதல் நாள் கொங்கு வீடுகளில் கண்ணாடிக்கு முன் பழம், பூ, நகை, பணம் வைத்து, விடியலில் கண் விழித்ததும் அதில் முகம் பார்ப்பார்கள். இதுதான் சித்திரைக்கனி. மலைக்கு அந்தப் பக்கம், அதே நாளிலோ மறுநாளோ, கொன்றைப் பூவும் கணிவெள்ளரியும் வைத்து விஷுக்கணி காண்கிறார்கள். மருமகள் தன் தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள எந்தச் சாமியும் தடை சொல்லப்போவதில்லை.

அவிநாசிக்கு மலை தாண்டிப் போகும் இந்த வழி பழையதும்கூட. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் இது. மலைநாட்டில் சேரமான் பெருமாளைப் பார்க்கப் போகும் வழியில் அது நிகழ்ந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். சாதி தாண்டிய மணமும் புதிதல்ல: ஆதிசைவரான சுந்தரர் மணந்த பரவையார் திருவாரூர் உருத்திரகணிகையர் குலம். சங்கிலியார் வேளாளர் குலம். சித்திரைத் தேரை வடம் பிடித்து இழுக்கும் ஊருக்கு இந்தக் கதை தெரியாததல்ல.

சமயமும் வேறாகிவிட்டால் சிக்கல் கூடுகிறது. இருவரும் இந்து என்றால் கோயிலில் தாலி கட்டிப் பதிந்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தின் 1967 திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணமும் செல்லும். ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்து, இருவரும் மதம் மாறாமல் மணக்க விரும்பினால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. அதற்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அறிவிப்பின் நகல் அங்கேயும் ஒட்டப்படும். பனியன் கம்பெனியில் சந்தித்து மனம் ஒத்துப்போன, மதம் வேறான ஒடிசா பையனுக்கும் அவிநாசிப் பெண்ணுக்கும் இதன் பொருள், இரண்டு ஊர் உறவினருக்கும் சட்டமே தகவல் அனுப்புகிறது என்பதுதான். அந்த முப்பது நாளுக்குப் பயந்து, நம்பிக்கையே இல்லாமல் மதம் மாறித் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஜோடி விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நாடு முழுமைக்கும் சட்டத்தையே அப்படித் திருத்த வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதற்குச் சட்டம் தேவையில்லை. குழந்தையிடம் அம்மா தன் மொழியில் பேசட்டும். காதுகுத்துக்குப் பாலக்காட்டு மாமன் வந்து சீர் செய்யட்டும். பத்திரிகையில் அந்தத் தாத்தா பாட்டி பெயரும் இருக்கட்டும். அவள் தமிழ் கற்ற காலத்தில் கணவன் பத்து வாக்கியம் மலையாளம் கற்றால் மாமனார் வீட்டில் ஊமையாக உட்கார வேண்டியதில்லை.

பெண் கிடைக்காத காலத்தில் காட்டும் பெருந்தன்மையை வைத்து ஒரு சமூகத்தை எடைபோட முடியாது. தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பெண் கேட்கத் தெரிந்தவர்கள், சொந்த ஊரின் பட்டியல் சாதித் தெருவில் சம்பந்தம் பேச எப்போது முன்வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் சாதி கரைந்ததா என்று சொல்ல முடியும்.